ஒரு நாளைக்கு அறுபத்தேழு பேர்

அன்று கிளையில் கடைசியாக அச்சான டோக்கன் சீட்டின் எண் 184. மறுநாள் காலை தலைமையகத்திலிருந்து வந்த அறிக்கையில், அதே நாளில் அந்தக் கிளைக்கு வந்த வாடிக்கையாளர்கள் 67 பேர் என்று இருந்தது.

காசாளர் இரண்டு எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தாள். 117. நூற்றுப் பதினேழு பேர் வாசல் வழியாக உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க முட்டி மோதி, முறை வரும்வரை உட்கார்ந்திருந்து, வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தலைமையகத்தின் கண்ணில் படவில்லை.

“மெஷின் மக்கர் பண்ணுதுக்கா,” என்றான் இரண்டாம் கவுண்ட்டர் குமாஸ்தா. அலுவலகத்தில் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். காலையில் திறந்தால் சாயங்காலம்வரை அவன் வாய் மூடாது.

“மக்கர் பண்ணினா ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைச்சுக் காட்டும். இது தினமும் அறுபத்தஞ்சுக்கும் எழுபதுக்கும் நடுவுலயே நிக்குது. கெட்டுப்போன சாமான் இவ்வளவு ஒழுங்கா இருக்காதுடா.”

அந்த மெஷின் வருவதற்கு முன் கர்னல்தான் மெஷின். கர்னல் என்பது வாசல் காவலாளி. அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. மீசையைப் பார்த்து யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லைகளை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, வருபவர்களுக்கு வரிசைப்படி கொடுப்பார். பிறகு அந்தச் சின்ன வங்கியை ஒரு பெரிய வங்கி எடுத்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை மூடிய கதவு திங்கட்கிழமை திறந்தபோது பெயர்ப்பலகை மாறியிருந்தது. குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைவர்வரை உயர்ந்தவரும், எந்தக் கிளையில் எந்தப் பூட்டு முரண்டு பிடிக்கும் என்று தெரிந்தவருமான பழைய தலைவர், ஒரு பக்கக் கடிதம் எழுதிவிட்டு விலகினார். புதிய தலைவர் வீடியோவில் தோன்றி, “இனி நாம் எல்லோரும் ஒரே குடும்பம்,” என்றார்.

“குடும்பம்னா சொத்துப் பிரிக்கறதும் வரும்ல?” என்று ரேடியோ முணுமுணுத்தான்.

மூன்றாவது வாரம் வில்லை டப்பா போய், மார்பு உயரத்துக்கு ஒரு மெஷின் வாசலோரம் வந்து நின்றது. அது வேலை செய்யும் விதம் எளிது. திரையைத் தொட்டால் பத்து இலக்கக் கைபேசி எண் கேட்கும். எண்ணை அடித்துப் பச்சைப் பட்டனைத் தொட்டால் சீட்டு வரும். கவுண்ட்டரில் இருப்பவர் தன் கணினியில் ‘அடுத்து’ என்பதைத் தட்டினால், சுவரிலுள்ள பலகையில் அந்த எண் ஒளிரும். வேலை முடிந்ததும் ‘முடிந்தது’ என்பதைத் தட்ட வேண்டும். இவ்வளவுதான். இந்தத் தட்டல்கள் எல்லாம் தலைமையகத்துக்குப் போய், அங்கே யாரோ எழுதிய ஒரு கணக்குமுறைக்குள் நுழைந்து, மறுநாள் காலை ஒற்றை எண்ணாக மேனேஜரின் மின்னஞ்சலில் வந்து விழும்.

அந்த ஒற்றை எண்ணில்தான் இப்போது எல்லாம் தொங்கியது. மூன்று மாதச் சராசரி நூறுக்குக் கீழே இருக்கும் கிளைகளை மூடப் போகிறார்கள். பட்டியல் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இறுதியாகும்.

மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவருக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

“மூடினா யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க. காலி இடம் எங்க இருக்கோ அங்க போடுவாங்க.”

“எனக்கு எங்க இருக்கு சார்?”

அவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். தலைமைக் காசாளர் நிலையில் ஒரே ஒரு காலியிடம். எல்லையோரம் இருந்த ஒரு சிற்றூர். ரயிலில் ஒன்பது மணி நேரம்.

அவள் அங்கேயே உட்கார்ந்து, அந்த ஊரின் அரசு மருத்துவமனைக்குப் போன் செய்தாள். டயாலிசிஸ் வசதி உண்டா என்று கேட்டாள். இல்லை, பக்கத்து நகரத்துக்கு நான்கு மணி நேரம் போக வேண்டும் என்றார்கள். போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டியவர். இரண்டு வருடங்களாக அவருடைய சிறுநீரகங்கள் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விட வேண்டும். அதற்கான செலவு முழுவதையும் அவளுடைய வேலையோடு வரும் இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. வேலையை விட்டால் முப்பது நாளில் இன்ஷூரன்ஸ் நின்றுவிடும். வேலையை வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனால் அவருக்கு அங்கே மெஷின் இல்லை. அவரை இங்கே விட்டுப் போகலாம் என்றால் வீட்டில் வேறு ஆள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

“நமக்கு நூத்தி எண்பது பேர் வர்றாங்க சார். எண்ணிப் பாத்தாலே தெரியுது.”

“போன வாரம் வீடியோ மீட்டிங்ல அதைத்தான் சொன்னேன்மா. பதினெட்டு கிளை, ஆளுக்கு ஒன்றரை நிமிஷம். ‘உங்க கண்ணு சொல்றதை நான் எழுத முடியாது, டேட்டா சொல்றதைத்தான் எழுத முடியும்’னாரு புது மண்டலத் தலைவர்.”

“பழைய மண்டல ஆபீஸ்ல யாராவது…”

“எல்லாரும் விருப்ப ஓய்வுல போயாச்சு. போன் அடிச்சா பாட்டு பாடுது. மெயில் போட்டேன். கோரிக்கை எண் வந்துச்சு, பதினஞ்சு வேலை நாள்ல பதில் சொல்றாங்களாம். பட்டியல் அதுக்குள்ள முடிஞ்சுடும்.”

அதனால் நூற்றுப் பதினேழு பேரை அவளே தேட வேண்டியதாயிற்று.

முதலில் ‘முடிந்தது’ பட்டன்மேல் சந்தேகம். ரேடியோ அதைத் தட்டுவதே இல்லை. பேச்சு சுவாரசியத்தில் நேராக ‘அடுத்து’ என்று போய்விடுவான். முடிக்காத ஆளைத் தலைமையகம் எண்ணாமல் விடலாம் அல்லவா? அடுத்த நாள் ஒவ்வொருவருக்கும் தட்டும்படி அவனை மிரட்டி வைத்தாள். அவனும் ஒவ்வொரு முறையும் “முடிந்தது!” என்று உரக்கக் கத்தித் தட்டினான். கத்தலைக் கேட்டு ஒரு பெரியவர் தன் கணக்கையே முடித்துவிட்டார்களோ என்று பயந்து எழுந்து வந்தார். அன்று டோக்கன் 186. அறிக்கையில் 66.

பிறகு, சீட்டை எடுத்துவிட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் போகிறவர்கள்மேல் சந்தேகம். சாயங்காலம் குப்பைக்கூடையையும் நாற்காலிகளுக்கு அடியிலும் துழாவி, கூப்பிடப்படாத சீட்டுகளைப் பொறுக்கினாள். ஏழுதான் கிடைத்தன.

பிறகு கடிகாரம். மெஷினின் கடிகாரம் தவறாக இருந்து, மத்தியானத்துக்குப் பிறகு வருபவர்கள் மறுநாள் கணக்கில் விழுகிறார்களோ? அப்படியானால் மறுநாள் எண்ணிக்கை கூட வேண்டும், கூடவில்லை. இருந்தாலும் சீட்டில் அச்சான நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். நான்கு நிமிட வித்தியாசம். அதற்கு நூற்றுப் பதினேழு பேரை விழுங்கும் வயிறு கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் மருத்துவமனைக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள். ஒன்றில் ரத்தம் போனது, மற்றொன்றில் வந்தது.

“என்ன, முகம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இருக்கு?”

அவள் சொன்னாள். ஒரு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம், எல்லையோர ஊர்வரை, சொன்னாள். அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இந்த மெஷினுக்கும் எனக்கும் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. வாரத்துல மூணு நாள் கையைப் புடிச்சுக்கிட்டு நாலு மணி நேரம் உக்காந்திருக்கு. நீ அப்படி எப்ப உக்காந்த? அதுகிட்டயே என்னை விட்டுட்டு நீ போயிட்டு வா.”

“விளையாடாதீங்க.”

“சரி, விளையாடல. வாரத்துக்கு ஒரு நாள்னு குறைச்சுக்கறேன். நீ லீவு நாள்ல வந்து கூட்டிட்டுப் போ.”

“ஒரு நாள் தவறினப்ப மூச்சு விட முடியாம கிடந்தது மறந்துடுச்சா?”

அவர் மெஷினின் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தார்.  “தண்ணி ஒரு வாய் கூடக் குடுக்கச் சொல்லேன், நர்ஸ்கிட்ட,” என்றார். அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அளவு முடிந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை கர்னல் வரவில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார். அன்று கிளை சந்தைக்கடை ஆனது. மெஷின் முன்னால் கூட்டம் நெரிந்தது. பலர் சீட்டு எடுக்காமலே கவுண்ட்டருக்கு வந்து நின்றார்கள். “போன் நம்பர் கேக்குதே, என்கிட்ட போனே இல்லையேப்பா,” என்றார் ஒரு மூதாட்டி. “பக்கத்துல நிக்கறவர் நம்பரை அடிங்கம்மா,” என்று ரேடியோ உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான். அன்று டோக்கன்கள் 131 மட்டுமே.

செவ்வாய் காலை அறிக்கை வந்தது. 122.

காசாளர் அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள். டோக்கன் ஐம்பதுக்கு மேல் குறைந்திருக்கிறது. எண்ணிக்கையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருக்கிறது. மெஷின் அதேதான், பட்டன் அதேதான், குமாஸ்தாக்கள் அவர்களேதான். அன்று இல்லாதது ஒன்றே ஒன்று.

தன் கவுண்ட்டரை ரேடியோவிடம் விட்டுவிட்டு, அவள் வெளியே வந்து வாசலோரத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். கர்னல் வீங்கிய கன்னத்தோடு பணிக்கு வந்திருந்தார். முதலில் ஒரு இளைஞன் வந்தான், தன் எண்ணைத் தானே அடித்தான், சீட்டை எடுத்தான். பின்னால் கைத்தடியோடு ஒருவர் வந்தார். கர்னல் அவரைப் பார்த்ததும் மெஷின் பக்கம் திரும்பி, பார்க்காமலே பத்து முறை தட்டினார். பியானோ வாசிப்பவர்போல விரல்கள் ஓடின. சீட்டு வந்தது. அடுத்து வந்த பெண் கையில் போன் வைத்திருந்தாள். “கர்னல், உங்க நம்பரே போடுங்க. என் நம்பரைப் போட்டா பேங்க்லேர்ந்து ஒரு பொண்ணு கார்டு வாங்கு, கார்டு வாங்குன்னு தினம் கூப்பிடுது,” என்றாள். கர்னல் தட்டினார். அடுத்து, பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஏழு பேர். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஏழு முறை தட்டினார்.

“கர்னல், எல்லாருக்கும் உங்க நம்பரையா அடிக்கறீங்க?”

“ஆமாம்மா.” அவர் பெருமையாகச் சிரிக்கப் பார்த்து, பல்வலியில் பாதியில் நிறுத்தினார். “மெஷின் வந்த நாள்லேர்ந்து. இல்லேன்னா அவங்க எப்படி உள்ள வருவாங்க? என்ன ஒண்ணு, எனக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை வீட்டுக்கடன் குடுக்கறேங்கறாங்க. எவ்வளவு வேணும்னாலும் தருவாங்களாம். நல்ல மனசு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமையகம் எண்ணுவது சீட்டுகளை அல்ல, கைபேசி எண்களை. ஒரே எண் ஒரு நாளில் எத்தனை முறை வந்தாலும் அது ஒரே ஆள்தான். அது தவறான முறையும் இல்லை. ஒருவரே மூன்று கவுண்ட்டருக்குப் போனால் மூன்று பேராக எண்ணக் கூடாது என்று யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள். அந்த 184 சீட்டில் சொந்த எண் அடித்தவர்கள் 66. கர்னல் அடித்தது 118. அந்த நூற்றுப் பதினெட்டும் சேர்ந்து ஒன்று. 66-உம் 1-உம் 67.

மேனேஜரிடம் ஓடினாள். அவர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

“கண்டுபுடிச்சது சரிம்மா. நிரூபிக்கறது எப்படி? ஒரே நம்பர்தான் இருக்கு. அதுக்குப் பின்னால நூறு பேர் இருந்தாங்கன்னு யார் நம்புவாங்க?”

நிரூபிக்க வழி இருந்தது. மெஷினில் ஒவ்வொரு டோக்கனும் எந்தக் கவுண்ட்டரில், எத்தனை மணிக்குக் கூப்பிடப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். கவுண்ட்டர் கணினியில் ஒவ்வொரு வேலையும் எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கு எண்ணில் நடந்தது என்பது பதிவாகியிருக்கும். ஒரு கவுண்ட்டரில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் வேலை நடக்கும். ஆகவே இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பொத்தானும் பொத்தான் ஓட்டையும்போல ஒன்றுக்கு ஒன்று வரிசையாகப் பொருந்த வேண்டும். எங்காவது ஒன்று தவறினால், சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டதுபோல அதற்குப் பின்னால் வரும் எல்லாம் ஒரு இடம் தள்ளி நிற்கும். அந்த இடத்தைத் தேடிச் சரிசெய்து மேலே போகலாம். பொருத்தி முடித்தால், கர்னல் அடித்த ஒவ்வொரு டோக்கனுக்குப் பின்னாலும் இருந்தவரின் கணக்கு எண் தெரிந்துவிடும்.

அறுபத்தோரு வேலை நாட்கள். கர்னலின் எண்ணில் ஏழாயிரத்துக்கு மேல் டோக்கன்கள். அவளும் ரேடியோவும் மேனேஜரும் செவ்வாய் முழுவதும், புதன் மத்தியானம்வரை, கவுண்ட்டர் வேலைக்கு நடுவிலேயே பொருத்தினார்கள். ரேடியோ அந்த இரண்டு நாளும் பேசவே இல்லை. ஒருமுறை மட்டும், “அக்கா, இந்த நாள்ல நான் டீ குடிக்கப் போன நேரம்கூடத் தெரியுது,” என்றான்.

புதன்கிழமை நான்கு மணிக்கு வீடியோ கூட்டம். திரையில் பதினெட்டுச் சதுரங்கள். மேனேஜரின் ஒன்றரை நிமிடம் வந்தபோது அவள் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பட்டியலைக் கேமராவுக்குக் காட்டிச் சொல்லத் தொடங்கினாள். மண்டலத் தலைவர் குறுக்கிடாமல் கேட்டார். அவளைவிட வயதில் சின்னவர், களைத்த முகம்.

“யாரோட நம்பர் அது?”

அவள் தயங்கினாள். “வாடிக்கையாளருக்கு உதவி பண்றதுக்காகக் கிளையில இருக்கற ஒருத்தர்…”

“மேடம், நான் உங்களை நம்பறேனா இல்லையாங்கறது முக்கியமில்லை. ஒரே நம்பர்ல ஏழாயிரம் டோக்கன். நாளைக்கு ஆடிட்ல யாராவது பாத்தா, கிளையைக் காப்பாத்த நீங்களே பட்டனைத் தட்டினீங்கன்னு சொல்வாங்க. யார் அடிச்சாங்க, ஏன் அடிச்சாங்க, மேனேஜர் கையெழுத்தோட வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள அனுப்புங்க. வந்துதுன்னா கணக்கைத் திரும்பப் போடச் சொல்றேன். வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த கிளை.”

அவர்களுடைய சதுரம் சின்னதாகிவிட்டது.

மேனேஜர் அலமாரியிலிருந்து ஒரு ஒப்பந்தத்தை எடுத்து, ஒரு வரியில் விரல் வைத்தார். வங்கியின் எந்தக் கருவியையும் காவலாளி இயக்கக் கூடாது. இயக்கினால் அவரை உடனே பணியிலிருந்து நீக்க வேண்டும். பெரிய வங்கி காவலாளிகளை ஏஜென்சி மூலம் எடுத்துக்கொண்டபோது போட்ட ஒப்பந்தம்.

“கிளையை மூடினா ஏஜென்சி அவனை வேற எங்கயாவது நிக்க வைக்கும். நாம எழுதினா அவனுக்கு எங்கயுமே வேலை இல்லை. எழுதலேன்னா…” அவர் ஒப்பந்தத்தை மூடினார்.

வியாழக்கிழமை காலை கணவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு அவள் நேராக வாசலுக்கு வந்தாள். கர்னலைத் தனியாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எண்ணிக்கை, பட்டியல், ஒப்பந்தத்தின் வரி, தன் கணவர், எல்லையோர ஊர். எதையும் மறைத்தால் அவரை ஏமாற்றியதாகிவிடும் என்று தோன்றியது. சொல்லிவிட்ட பிறகு, தன் கணவரைப் பற்றிச் சொன்னதுதான் ஏமாற்று என்றும் தோன்றியது.

கர்னல் தன் கன்னத்தைத் தடவினார்.

“நான் பையன் வீட்லதான் இருக்கேன்மா. மாசம் பொறந்தா மருமக கையில சம்பளம் போகுது. அதனால அங்க எனக்கு ஒரு கட்டிலும் ஒரு ஃபேனும் இருக்கு.” சிரித்தார். “ஃபேன் போயிடும்னு நினைக்கறேன்.”

“வேற வழி இருந்தா எழுத மாட்டேன் கர்னல். ராத்திரி முழுக்க யோசிச்சுட்டேன்.”

“மெஷினைத் தொட்டது தப்புன்னு எழுதுவீங்களா, அவங்களுக்கு ஒத்தாசை பண்ணினேன்னு எழுதுவீங்களா?”

“ரெண்டையும் எழுதணும்.”

“அப்ப ரெண்டாவதை முதல்ல எழுதுங்க.”

அதற்குள் கைத்தடிக்காரர் ஒருவர் படியேறி வந்தார். கர்னலின் கை தானாக மெஷின் பக்கம் போனது. பாதியில் நின்றது. காசாளரைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்துத் தட்டல்களும் அவள் காதில் விழுந்தன.

சாயங்காலம் கணவர் கேட்டார். “அந்த ஆளுக்கு என்ன வயசு?”

“அம்பத்தெட்டு.”

“என் வயசு,” என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கடிதம் மேனேஜரின் மேஜைமேல் இருந்தது. கர்னல் கேட்ட வரிசையிலேயே எழுதியிருந்தாள். மூன்றாவது பத்தியில், காவலாளி மெஷினை இயக்குவதைக் கிளை நிர்வாகம் தினமும் பார்த்தது, தடுக்கவில்லை, பொறுப்பு நிர்வாகத்துக்கும் உண்டு என்று இருந்தது.

“இதை எடுத்துடும்மா. ‘நிர்வாகத்துக்குத் தெரியாது’ன்னு போடு. எனக்கு ஒன்றரை வருஷம்தான் இருக்கு.”

“தினமும் அவரைத் தாண்டித்தானே சார் உள்ள வர்றோம்? அவர்மேல மட்டும் போட்டுட்டு நாம ரெண்டு பேரும் இங்க உக்காந்திருக்க முடியுமா?”

“இதைச் சேர்த்தா அவன் வேலை தப்பிச்சுடுமா?”

“தெரியல சார்.”

பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். ஒன்பது ஐம்பத்தாறுக்கு, எதையும் மாற்றாமல், கையெழுத்துப் போட்டார். அதை, வங்கியில் பதிவாகியிருக்கும் அவருடைய மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டால் எந்தக் குமாஸ்தாவும் திருப்பி அனுப்பியிருப்பான்.

திங்கட்கிழமை மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவது, திருத்திய சராசரி 176. கிளை பட்டியலில் இல்லை. அடுத்த மூன்று மாதக் கணக்கு இன்றிலிருந்து தொடங்குகிறது. இரண்டாவது, மேனேஜருக்கு எழுத்துமூல எச்சரிக்கை. மூன்றாவது, காவலாளி பணிநீக்கம், அவருக்குப் பதில் வேறு ஆள்.

கர்னல் தன் சீருடைத் தொப்பியை மடித்து, ஏஜென்சி ஆளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கவுண்ட்டர்களுக்கு முன்னால் வந்து நின்று, வழக்கம்போல விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். ரேடியோ எழுந்து நின்றான். காசாளர் கவுண்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள். வெளியே வருவதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

புதிய காவலாளிக்குச் சட்டம் தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெஷினுக்கு மூன்றடி தள்ளி நின்றார். கைத்தடிக்காரர்கள் திரையைப் பார்த்து நின்றார்கள். தொழிற்சாலை ஆட்கள் வந்து, முணுமுணுத்து, திரும்பிப் போனார்கள். அன்று டோக்கன்கள் 88. இப்படியே போனால் மூன்று மாதத்தில் பட்டியல் மறுபடி வரும். இந்த முறை கணக்கிலும் தவறு இருக்காது.

வேலை முடிந்ததும் அவள் மெஷின் முன்னால் நின்று, திரையில் தொடக்கூடிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தொட்டுப் பார்த்தாள். அடியில், சாம்பல் நிறத்தில், எறும்புபோன்ற எழுத்தில் ‘கைபேசி எண் இல்லை’ என்று ஒரு வரி. அதைத் தொட்டதும் பதின்மூன்று இலக்கக் கணக்கு எண் கேட்டது. வங்கிகள் இணைந்த பிறகு வந்த அந்த நீள எண் யாருக்கும் மனப்பாடம் இல்லை. ஆனால் அதன் கடைசி ஏழு இலக்கமும் பழைய வங்கியின் எண்தான். அது எல்லோருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். முதல் ஆறு இலக்கம் கிளை முழுவதற்கும் ஒன்றே. காவலாளி தொடக் கூடாது என்றுதான் ஒப்பந்தம் சொன்னது, ஊழியரைத் தடுக்கவில்லை.

மெஷினுக்கு இருந்தவை சுவரில் செருகும் இரண்டு ஒயர்கள், அடியில் நான்கு சக்கரங்கள். அவளும் ரேடியோவும் அதை உருட்டிக்கொண்டு வந்து, முதல் கவுண்ட்டரின் பக்கவாட்டில், அவள் உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் நிறுத்தினார்கள்.

மறுநாளிலிருந்து இதுதான் முறை. போன் எண் அடிக்க விருப்பம் உள்ளவர்கள் தாங்களே அடித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் காசாளரிடம் தங்கள் பழைய ஏழு இலக்க எண்ணைச் சொல்வார்கள். அவள் சாம்பல் நிற வரியைத் தொட்டு, கிளையின் ஆறு இலக்கத்தை அடித்து, அதன் பின்னால் அவர்கள் சொன்ன ஏழையும் அடித்து, சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். ஒரு கணக்கு எண்ணுக்கு ஓர் ஆள். முதல் நாள் டோக்கன் 181, அறிக்கையில் 179. இரண்டு பேர் இரண்டு முறை வந்திருந்தார்கள்.